தைரியநாதன் பைப் பிடித்த வாரம்

தைரியநாதனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மீசை இருந்தது, ஆனால் அருகில் வந்து பார்க்க வேண்டும். குரல் பன்னிரண்டு வயதில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிட்டது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் "அப்பா இருக்காரா பாப்பா?" என்று கேட்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் வீடு, திருக்கோவிலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. 1987ஆம் வருஷம் ஜூலையில் தலைமை எழுத்தராகப் பதவி உயர்வு கிடைத்தது. ஆகஸ்டில் ராமசாமி என்று ஒரு புது மேலாளர் மாற்றலாகி வந்தார். வந்த முதல் நாள், நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே நின்ற தைரியநாதனைப் பார்த்து, "தம்பி, ரெண்டு டீ சொல்லிட்டு வா" என்றார்.

அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. தைரியநாதன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதுதான் அவரை ராத்திரி எல்லாம் அரித்தது. தலைமை எழுத்தர் இவர்தான் என்று தெரிந்த பிறகும் மேலாளர் "தம்பி"யை விடவில்லை. பியூனைக் கூட "ஏகாம்பரம், வாங்க" என்று கூப்பிடுகிற மனிதர்.

இந்த நேரத்தில் மச்சான் பிரிட்டோ வந்து சேர்ந்தான். தைரியநாதனின் மனைவி பாத்திமாவுக்குத் தம்பி. கப்பலில் வேலை. ஒரே ஒரு நாள் தங்கினான். புறப்படுகிற அவசரத்தில் பையிலிருந்து புகை பிடிக்கிற பைப் ஒன்றையும் ஐந்து தகர டப்பாக்களையும் எடுத்து மேசைமேல் வைத்து, "எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

தைரியநாதன் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முகமே மாறிப்போயிருந்தது. தாடை இறங்கி, புருவம் ஏறி, ஏதோ அணைக்கட்டுக்கு அனுமதி கொடுக்கப்போகிற அதிகாரி போல இருந்தார். இந்த முகத்தைப் பார்த்து எவன் "தம்பி" என்பான்?

"வாயில என்னாங்க அது, கரண்டி காம்பா?" என்றாள் பாத்திமா. அவள் நர்ஸ். அன்று காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பைப்பு. உன் தம்பி குடுத்தது."

"வாயில வச்சிக்கினு எங்க வேணா நில்லுங்க. வூட்டுக்குள்ள பொகை வந்துச்சி, உங்க பாய் தெருவுல கெடக்கும்."

தைரியநாதன் அதுவரை பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொட்டதில்லை. டப்பாக்களோ சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, மஞ்சள் என்று ஐந்து நிறம். மேலே எழுதியிருந்தது எந்த நாட்டு மொழியோ. சில எழுத்துகளின் தலையில் குட்டி வட்டம், சிலவற்றின் நெஞ்சில் குறுக்குக் கோடு. எது லேசு, எது காரம், எதற்கு என்ன வாசனை என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பதுதான். இருமல் வராத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது அதிகாரி மாதிரி மணக்கவும் வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமே?

நேரம் தானாக வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். செப்டம்பர் பதினேழு, வியாழக்கிழமை காலையில் தைரியநாதன் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் நிலையத்துக்குப் போனபோது அங்கே பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை. தியாகதுருகம் சாலையில் ஊர் எல்லை தாண்டி ஒரு பெரிய புளியமரம் வெட்டிப் போடப்பட்டுச் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஐம்பது அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொடி, கோஷம் எல்லாம் காலையில் முடிந்துவிட்டது. இனி பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேறு ஊர்களில் தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்று ரேடியோவில் வந்த செய்திகள் கேட்பவர் முகத்தை மாற்றின. இந்த மரத்தருகே மட்டும் ஏழு நாளும் ஒரு கல்கூட எறியப்படவில்லை.

டயர் எரிந்த புகை, அடுப்புப் புகை, பீடிப் புகை என்று அந்த இடமே மூட்டமாக இருந்தது. இங்கே இன்னொரு புகை சேர்ந்தால் யாருக்குத் தெரியும் என்று தைரியநாதன் நினைத்தார். வீட்டுக்குப் போய்ப் பைப்பையும் சிவப்பு டப்பாவையும் எடுத்து வந்தார். மரத்தின் அடிப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, இலைத்தூளைப் பைப்பில் அடைத்துப் பற்ற வைத்தார். இழுத்தார்.

பதினோரு முறை இருமினார். குரல் மெல்லியதுதான், இருமல் அப்படியில்லை. மரத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தவன் ராசு. மறியலுக்கு அந்தப் பக்கத்துப் பொறுப்பு அவன். முப்பது வயது, டிராக்டர் வைத்திருப்பவன்.

"இன்னா சார் இது? நாதஸ்வரத்த வெட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

"பைப்பு தம்பி. புகையிலை." மூச்சு திரும்பக் கொஞ்சம் நேரம் ஆனது. "ஃபாரின்."

"அத்தே! இங்க வா! ஃபாரின் பொகையிலயாம்!"

அடுப்புப் பக்கமிருந்து கரண்டியோடு ஒரு அம்மாள் வந்தார். ராசுவின் அத்தை சின்னப்பொண்ணு. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கரும்பு வெட்டுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. வெட்டு இல்லாத மாதங்களில் கல்வராயன் மலையேறிக் கடுக்காய் பொறுக்குவார். இந்த வாரம் மறியல்காரர்களுக்குச் சமையல். காதில் கம்மல் இருக்க வேண்டிய உயரத்தில் பாதி சுருட்டு ஒன்று செருகியிருந்தது.

அவர் பைப்பை வாங்கினார், முந்தானையால் துடைத்தார், இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நேரம் நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இது பொகையில இல்ல சார். பாயாசம்," என்றார். "வாசன நல்லாத்தான் இருக்குது. கேக்கு கடையில மொதலாளி கதவத் தொறந்தா வருமே, அது. ஆனா நாக்கத் தாண்ட மாட்டேங்குது."

"தாண்டணுமா?"

"பொகையிலன்னா போய்ச் சேர ஒரு எடம் வேணும் சார். நாக்கு, மூக்கு, நெஞ்சு, உச்சி. இது நாக்குலயே குந்திக்கினு இருக்குது. புள்ளத்தாச்சி பொம்பள மாதிரி எழுந்திரிக்க மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் பாத்திமா அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தாள். "கேக்கு தின்னீங்களா? எனக்கு ஒண்ணு வாங்கியாறக் கூடாதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பச்சை டப்பாவோடு போனார். ஏழு பேர் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பகல் முழுவதும் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பொழுது வேண்டாமா? அவருக்கென்று ஒரு கிளையைத் துடைத்து வைத்திருந்தார்கள். இருமல் எத்தனை என்று ஒருவன் விரல் விட்டு எண்ணினான். ஒன்பது.

"நேத்துக்கு இன்னிக்கி கம்மி சார்!" என்று உற்சாகப்படுத்தினான்.

பச்சை கிஸ்மிஸ் பழத்தை நெய்யில் போட்ட வாசனை. சின்னப்பொண்ணு அதை மூக்குவரை என்று தீர்ப்புச் சொன்னார். "தாராளமா மூக்கு. கண்ணோரத்துல லேசா ஈரம் வருது பாரு, அப்ப மூக்குத் தாண்டி அரை விரக்கடை." ஏழு பேரும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஆமாம் என்றார்கள். பீடி மட்டுமே பிடித்துப் பழகிய ஒரு பெரியவர், தனக்குக் கிஸ்மிஸ் தெரியவில்லை, ஈரக் கோணிதான் தெரிகிறது என்றார். அதைப்பற்றி மத்தியானம் வரை சண்டை நடந்தது.

சனிக்கிழமை நீலம். மூடியைத் திறந்ததுமே பக்கத்தில் இருந்த ஆடு எழுந்து போய்விட்டது. சின்னப்பொண்ணு மட்டும் ஆசையாக முகர்ந்தார். "மாட்டுக் கொட்டாயில சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குது. மலையில காட்டுக்குத் தீ வச்சி, மறுநாளு மழ பேஞ்சா இப்பிடித்தான் வரும். நெஞ்சுக்குப் போவுது சார். நெஞ்சுல பாயப் போட்டுப் படுக்குது." தைரியநாதன் பதினான்கு முறை இருமினார். அன்று வீட்டு வாசலிலேயே பாத்திமா அவரை நிறுத்தி, சட்டையைக் கழற்றி வேலிமேல் போடச் சொன்னாள்.

ஞாயிறு காலை மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, நேராகக் கறுப்பு டப்பாவோடு மரத்துக்கு வந்தார். உள்ளே தூளாக இல்லை. வெல்லப்பாகில் ஊறிய கயிறு போலக் கட்டியாக இருந்தது. சின்னப்பொண்ணு பிய்த்து உதிர்த்துக் கொடுத்தார். முகர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"சார், இத நீங்க தொடாதீங்க."

"தொட்டாத்தானே தெரியும்?"

"நான் மொதல்ல பாக்கறேன் அத்தே," என்று ராசு பிடுங்கிக்கொண்டான். ஆழமாக இழுத்து, பீடி மாதிரி உள்ளே விழுங்கினான். ஒன்றும் ஆகவில்லை. சிரித்தான். இன்னொன்று இழுத்தான். பிறகு மெதுவாகக் குனிந்து, கிளையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான்.

"அத்தே, மரம் நவுருது."

"டேய், வெட்டிப் போட்ட மரம்டா அது."

"நவுருது அத்தே. புடிச்சிக்கோங்க எல்லாரும்!"

இதைப் பார்த்த பிறகாவது தைரியநாதன் விட்டிருக்கலாம். ஆனால் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெயரோ தைரியநாதன். ஒரே இழுப்பு. இருமலே வரவில்லை. இருமுவதற்கு உடம்பில் ஆள் இல்லை. அவரை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். திங்கட்கிழமை முழுவதும் படுக்கையில் கிடந்தார். பாத்திமா கஞ்சி கொடுத்தாள். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைசி டப்பாவான மஞ்சளை எடுத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போனார். இதுவும் சரிவரவில்லை என்றால் பைப்பைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு. அன்று சின்னப்பொண்ணு இல்லை. அரிசி தீர்ந்துபோய் ஊருக்குப் போயிருந்தார். மரத்தருகே எல்லோர் முகமும் வாடியிருந்தது. பால் வண்டி ஊரை விட்டுப் போக முடியாததால் சுற்றுவட்டாரத்துப் பாலெல்லாம் இங்கேயே வந்து குவிந்தது. ஆனால் டீத்தூள் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது. கடைகள் எல்லாம் அடைப்பு. தினம் எட்டு டீ குடித்துப் பழகியவர்கள் மூன்று நாளாகப் பசும்பாலைக் குடித்துவிட்டுக் கன்றுக்குட்டி மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் டப்பாவில் இலை கறுப்பாக, சுருள் சுருளாக இருந்தது. விறகடுப்பு வாசனை. தைரியநாதன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

இருமல் இல்லை.

இன்னொரு முறை. இல்லை. புகை வாயில் நின்றது, சாதுவாக வெளியே போனது. நெஞ்சு சும்மா இருந்தது, தலை தன் இடத்தில் இருந்தது. விரல் விட்டு எண்ணுகிறவன் விரலை நீட்டியபடியே காத்திருந்தான். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். தைரியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் இல்லை. ஐந்தில் தனக்கென்று ஒன்று இருந்திருக்கிறது! அன்று மட்டும் நான்கு பைப் பிடித்தார். காலைத் தூக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை, மறியலின் கடைசி நாள். பத்து மணிக்குத் தியாகதுருகம் பக்கமிருந்து ஒரு சைக்கிள் தள்ளாடி வந்தது. மிதித்தவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்; முகம் செங்கல் நிறம். மேலாளர் ராமசாமி! கள்ளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். திருக்கோவிலூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு மிதித்தே வந்திருக்கிறார். ராசு சைக்கிளை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தான். மேலாளர் மரத்தின்மேல் ஏறி இறங்கப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு எதிர்க்கிளையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பைப் புகைய, தைரியநாதன்.

எழுந்திருக்கத் துடித்த காலைத் தைரியநாதன் அடக்கினார். "வாங்க சார்," என்றார். பைப் வாயில் இருந்ததால் குரல் கொஞ்சம் கனமாகவே வந்தது.

மேலாளர் உற்றுப் பார்த்தார். "அட, தைரியநாதனா? பைப்பெல்லாம் பிடிப்பீங்களா?"

பிடிப்பீங்களா! தைரியநாதன் ஒரு புகை விட்டார்.

"நமக்கும் இதுல கொஞ்சம் ஞானம் உண்டு," என்றார் மேலாளர். "மெட்ராஸ்ல இருந்தப்ப பெரிய பெரிய ஆபீசருங்களோட பழக்கம். குடுங்க பாப்போம்." வாங்கி, உதட்டால் கவ்வி, கண் செருக இழுத்தார். மூக்கால் விட்டார். "வர்ஜீனியா," என்றார். "ஒண்ணாந்தரம். பழைய சரக்கு. குறைஞ்சது மூணு வருஷம் மரப்பீப்பாயில ஊற வச்சிருக்கணும். கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லிடுவேன்."

சுற்றியிருந்தவர்கள் அசந்துபோய் அவரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் அரிசி மூட்டையோடு சின்னப்பொண்ணு திரும்பி வந்தார்.

"அத்தே, சாருக்கு இருமலே வரல! மஞ்சா டப்பா! வர்ஜீனியாவாம்!" என்று ராசு கத்தினான்.

சின்னப்பொண்ணு மூட்டையை இறக்கிவிட்டு வந்து, மேலாளர் கையிலிருந்த பைப்பை வாங்கித் துடைத்து இழுத்தார். காத்திருந்தார். மறுபடி இழுத்தார். முகம் சுருங்கியது.

"இது எங்கயும் போவலியே. நாக்குக்கும் போவல, மூக்குக்கும் போவல." டப்பாவை வாங்கினார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டு மென்றார். மெல்லுவது நின்றது. துப்பினார். தைரியநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"அடப் பாவி மனுசா! மூணு நாளா டீத்தண்ணி இல்லாம நாங்க செத்துக்கினு இருக்கறோம். நீ டீத்தூளக் கொளுத்திக்கினு குந்தியிருக்கியா!"

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். டப்பா கைமாறிக் கைமாறி அடுப்புக்குப் பறந்தது. அண்டாவில் பால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. வெல்லத்தைத் தட்டிப் போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது அறுபது பேர் கையிலும் டீ. தீய்ந்த விறகு வாசனை அடித்தது. இருந்தாலும் ஒருவரும் பாக்கி வைக்கவில்லை. தைரியநாதனுக்குப் பிரிட்டோ சொன்னது இப்போது புரிந்தது. "உங்களுக்கு" என்றால் அக்காவுக்கும் சேர்த்துத்தான்; டீத்தூள் அவளுக்கு.

மேலாளர் இரண்டு டம்ளர் குடித்தார். அவர் காதுகள் நன்றாகச் சிவந்திருந்தன. யாரும் அவரைப் பார்க்கவில்லை, ஆனால் கிளைக்குக் கிளை தோள்கள் குலுங்குவது தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டவர், தைரியநாதனைக் கண்ணால் கூப்பிட்டார். இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"தைரியநாதன் சார்," என்றார் மேலாளர். "ஆபீஸ்ல... இந்த விஷயம்..."

"எந்த விஷயம் சார்?"

"அதான், அந்த வர்ஜீனியா."

"குழந்தை ஆணா பொண்ணா சார்?" என்றார் தைரியநாதன், தன்னுடைய சொந்த மெல்லிய குரலில்.

மேலாளர் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் மூன்று வருஷம் இருந்தார். ஒரு நாள்கூட "சார்" போடாமல் தைரியநாதன் பெயரைச் சொன்னதில்லை. ஏன் என்று பியூன் ஏகாம்பரம் கேட்டுப் பார்த்தான்; தைரியநாதன் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலைத்தேன் ஒரு பாட்டிலோடு சின்னப்பொண்ணு வீடு தேடி வந்தார். பின்கட்டு முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து, "சார், உங்களுக்கு அது ஒத்து வராது. அந்த நாலு டப்பாவையும் பைப்பையும் எனக்குக் குடுத்துடுங்க, இந்தத் தேன வச்சிக்கோங்க," என்றார்.

தைரியநாதன் வாயைத் திறப்பதற்குள் பாத்திமா உள்ளே போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "இப்பவே எடுத்துக்கினு போயிடுங்கக்கா."

சின்னப்பொண்ணு அங்கேயே ஒரு முறத்தை வாங்கிக் கலக்க ஆரம்பித்தார். சிவப்பு இரண்டு பிடி, பச்சை ஒரு பிடி, நீலம் கால் பிடி. கறுப்பை நகத்தால் கிள்ளித் தூவினார். தேன் மூன்று சொட்டு தெளித்துப் பிசைந்தார். "தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு எடத்துல குந்திக்குது. ஒண்ணாச் சேத்தா நாக்குல ஏறி உச்சியில போய் எறங்கும்," என்று சொல்லிக்கொண்டே அடைத்துப் பற்ற வைத்தார். நீலமாக ஒரு சுருள் முருங்கை இலைகளுக்குள் ஏறியது. நல்ல வாசனைதான்.

பாத்திமா இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து, "குடுங்கக்கா" என்று பைப்பை வாங்கினாள். ஒரு இழுப்பு. தைரியநாதன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தேவைப்படவில்லை. பாத்திமாவின் மூக்குத் துளை இரண்டின் வழியாகவும் புகை நேராக, ஒரே சீராக இறங்கியது.

"நீ... உனக்கு எப்பிடி..."

"பிரிட்டோ பத்தாவது படிக்கறப்ப கிணத்துமேட்டுல பீடி ஒளிச்சி வப்பான்," என்றாள் பாத்திமா. "தெனம் ரெண்டு காணாமப் போவும். பக்கத்து வூட்டுப் பையனத்தான் போட்டு அடிச்சான்."

அவள் இன்னொரு முறை இழுத்து, நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள்.

"கறுப்பு கொஞ்சம் ஜாஸ்திக்கா," என்றாள்.

சின்னப்பொண்ணு வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆமா தங்கச்சி," என்று முறத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். தைரியநாதன் சொம்பில் இருந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டு அதை இறக்க உள்ளே போனார்.